உனக்கு எதுக்குய்யா துப்பாக்கி?

தாம்பரம் சானடோரியத்தில் அயோத்திதாசப் பண்டிதர் பேரில் ஒரு மருத்துவமனை உண்டு. அந்தப் பக்கத்து டீக்கடையில் போன மாதம் ஒரு மாணவத் தோழர் என்னிடம் செல்போனை நீட்டினார்.

"அண்ணே, இதப் பாருங்க. நாட்டுத் துப்பாக்கி. முன்பணம் போட்டா வீட்டுக்கே வருமாம். கடையில போனா லைசென்ஸ் கேப்பான். இவன் ஒண்ணும் கேக்கமாட்டான்."

தோழரின் ஊரில் திருவிழாத் தகராறு. சித்தப்பா வீட்டு ஓட்டை நொறுக்கியிருக்கிறார்கள். இங்கே ரூமில் படுத்திருக்கிற பையனுக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கொதிப்பைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் போனில் இருப்பது துப்பாக்கி இல்லை தம்பி, தூண்டில். பணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் ஒருத்தன். உண்மையாகவே சரக்கு அனுப்புகிறவன் இன்னொருத்தன். அவன் பின்னாலேயே போலீஸ் வரும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருஷம், கூடினால் 5 வருஷம். ஓட்டை நொறுக்கியவன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். நம்ம பையன் புழலில் கிடப்பான். இதற்குத்தானா முதல் தலைமுறையாகக் காலேஜுக்கு வந்தோம்?

சரி, கடை? மவுண்ட் ரோட்டில் பி. ஓர் அண்ட் சன்ஸ் என்றால் கடிகாரம் என்றுதான் நமக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். துரைமார் வேட்டைக்குப் போக வேண்டுமே! 1878இல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்கு கொடுத்தது. நாட்டு மக்களுக்குக் கிடையாது. 1959இல் சுதந்திர இந்தியா தன் சொந்தச் சட்டத்தைப் போட்டது. இன்றைக்கும் எந்தக் கடைக்காரனும் உரிமத்தைப் பார்க்காமல் விற்க முடியாது. ஆகவே கடையா, ஆன்லைனா என்ற கேள்வியே பொய்க் கேள்வி. விண்ணப்பத்தை ஆன்லைனில் போடலாம், அவ்வளவுதான். உண்மையான வாசல் உரிமம் கொடுக்கிற மேசை. 2022இல் தாம்பரம் தனிக் கமிஷனரேட் ஆனபிறகு இந்தப் பக்கத்தில் அது கமிஷனர் மேசை. கிராமங்களுக்குக் கலெக்டர் மேசை. அந்த மேசைக்கு முன்னால் யார் நாற்காலியில் உட்காருகிறான், யார் கைகட்டி நிற்கிறான்?

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் ஒரு காவலாளி இருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நம்ம ஆள். சொந்த உரிமம், சொந்த இரட்டைக்குழல். துப்பாக்கியோடு வருகிற முன்னாள் சிப்பாய்க்குத்தான் இந்த வேலை சீக்கிரம் கிடைக்கும். ஒருநாள் மதியம் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கனத்தது. கவிதையில் எத்தனை தடவை துப்பாக்கி தூக்கியிருக்கிறோம்! எங்களில் ஒருத்தனுக்காவது அதன் எடை தெரியுமா?

அவர் சொன்ன கதைதான் முக்கியம். உரிமத்துக்கு மனு போட்டதும் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கேட்டாராம்: "உனக்கு எதுக்குய்யா துப்பாக்கி? காக்கறதுக்கு உனக்கு நெலமா இருக்கு?" எல்லையில் நாட்டைக் காத்தவரிடம் கேட்ட கேள்வி இது. அந்த ஆள் சட்டத்தைப் படித்திருக்கமாட்டார். 1959 ஆயுதச் சட்டம், பிரிவு 14, உட்பிரிவு 2: போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது. எழுதியிருக்கிறது! எழுதியிருந்து என்ன? பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் என்றால் பயிர் யாருடையது? நிலம் எவனிடமோ துப்பாக்கியும் அவனிடம். குடகில் அந்த இனத்தில் பிறந்தவனுக்கும் ஜம்மா நிலம் உள்ளவனுக்கும் உரிமமே வேண்டாம் என்று இன்றும் விலக்கு உண்டு. 2019இல் அதை 2029 வரை நீட்டினார்கள். பிறப்பும் நிலமும் பார்த்துத் துப்பாக்கி! மனு எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது இல்லையா? நான் சொல்வது பழைய மனு.

நாம் துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவர்களும் அல்ல. மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தகப்பனார் சுபேதார். வீர சாதி, வீரமில்லாத சாதி என்று வெள்ளைக்காரன் கோடு கிழித்து, 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினான். போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மகர் ரெஜிமெண்ட் பிறந்தது. தேவை என்றால் சிப்பாய், தேவை முடிந்தால் சேரி.

"நம்மள வெட்றது அரிவாள்தானேண்ணே?" என்றார் தோழர். வாஸ்தவம். 1997 ஜூன் 30, மேலவளவு. அரிவாளுக்கு எவனும் உரிமம் கேட்பதில்லை. ஆனால் 1968 டிசம்பர் 25 கீழவெண்மணிக்குத் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். அப்புறம்தான் தீ, 44 உயிர். காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே போய்க் கொளுத்தியிருப்பார்கள் என்று நம்ப உயர்நீதிமன்றத்துக்கு மனசு வரவில்லை. சொத்து இருந்தால் யோக்கியன். மனு போட்டவரிடம் நிலம் கேட்ட போலீஸ்காரரும் அந்த நீதிபதிகளும் படித்தது ஒரே பாடம். பண்ணை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் துப்பாக்கி சுட வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்கப் போகிறவன் கண்ணில் பட்டால் போதும். சுடுகிற வேலையை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்: பரமக்குடி, 2011 செப்டம்பர் 11.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989. அதன் விதிகள் 1995. மூன்றாவது விதியை நம் தோழர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமை நடக்கக்கூடும் என்று அடையாளம் கண்ட பகுதியில் தலித், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யலாம். அவன் சொந்தக்காரன், வேலைக்காரன், குடும்ப நண்பன் உரிமத்தையும் ரத்து செய்து, துப்பாக்கியை அரசு ஆயுதக் கிடங்கில் வைக்கலாம். கள்ளத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய வேண்டும். தலித்துக்கும் பழங்குடிக்கும் உயிரையும் உடைமையையும் காக்க உரிமம் கொடுக்கலாம். எல்லாம் இருக்கிறது. கூடவே 'தேவை என்று கருதினால்' என்று ஒரு வால். அந்த வாலில்தான் முப்பது வருஷமாக விதி தொங்குகிறது.

தேவை என்று கருதத் தெரியாதா இவர்களுக்கு? தேர்தல் அறிவித்த உடனே உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு பறக்கிறது. மீசைக்காரப் பண்ணையார்களும் வரிசையில் நின்று கொடுத்து ரசீது வாங்குகிறார்கள். ஓட்டுப் பெட்டிக்கு ஆபத்து என்றால் பிடுங்குகிற கை, சேரிக்கு ஆபத்து என்றால் ஏன் மரத்துப்போகிறது?

நம்ம பையன் கைக்கும் ஒரு துப்பாக்கி என்பதல்ல என் முதல் கோரிக்கை. முதலில் அவன் சுவரில் இருப்பது இறங்கட்டும். அது இறங்காமல் நமக்கு நாலு உரிமம் கொடுப்பது கண்துடைப்பு; அதைக் காட்டியே நாற்பது பேரைத் தீவிரவாதி என்பார்கள்.

தோழரிடம் போனை உள்ளே வைக்கச் சொன்னேன். பையிலிருந்து பேப்பரை எடுத்தோம். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட ஆட்சியர் அலுவலகம். கேள்வி ஒன்று: 1995 முதல் விதி 3இன் கீழ் அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை? இரண்டு: அங்கே எத்தனை துப்பாக்கி உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன? மூன்றாவதைத் தோழர் தானே எழுதினார்: ரத்து செய்யவில்லை என்றால், தேவையில்லை என்று கருதிய அதிகாரியின் பதவி என்ன? 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு அவரே வாங்கி ஒட்டினார்.