'கால்ல நரம்பு இழுத்துக்கிச்சு!' - அது நரம்பே இல்லைங்க! | உடம்பைப் படிப்போம்

ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தால், 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்கிறோம். காலில் நீல நிறத்தில் புடைத்து வளைந்து தெரிந்தால், 'நரம்பு சுருட்டிக்கிச்சு'. குதிகாலுக்கு மேலே வலித்தால், 'குதி நரம்பு'. இடுப்பில் ஆரம்பித்துப் பாதம் வரை சுள்ளென்று இறங்கினால், அதுவும் 'நரம்பு வலி'தான்.

நாலும் நரம்பா என்றால், இல்லை. முதலாவது தசை. இரண்டாவது சிரை, அதாவது அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். மூன்றாவது, தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண். நாலாவது மட்டும்தான் நிஜமான நரம்பு.

'பேர் எதுவா இருந்தா என்ன, எல்லாத்துக்கும் தைலம் தேய்ச்சு உருவிவிட்டா சரியாகிடும்' என்று நினைப்பவர்கள்தான் நம் வீடுகளில் அதிகம். ஆனால், உருவிவிடவே கூடாத கால் வலி ஒன்று இருக்கிறது. அது எது என்று தெரிய வேண்டும் என்றால், முதலில் காலுக்குள் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்கு நெய்வேலி டவுன்ஷிப்பை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும்!

படி ஏறும் கால்

நெய்வேலி சுரங்கத்தில் மண்ணை வெட்டி எடுக்கும் ராட்சத சக்கர இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். பல மாடி உயரம். அதில் வேலை பார்ப்பவர்கள் இரும்புப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். அப்படி ஏறும்போது உடம்பை மேலே தள்ளுவது இரண்டு பெரிய தசைகள். ஒன்று, நாம் உட்காரும் இடத்தில் இருக்கும் குளூட்டியஸ் மேக்ஸிமஸ். உடம்பிலேயே பெரிய தசை இதுதான். இன்னொன்று, முன் தொடையில் இருக்கும் குவாட்ரிசெப்ஸ். பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும், இது நான்கு தசைகளின் கூட்டணி. நான்கும் சேர்ந்து முழங்கால் சில்லைப் பிடித்து, அதன் வழியாக முழங்காலை நீட்டுகின்றன.

படி இறங்கும்போதும் குவாட்ரிசெப்ஸ் சும்மா இருப்பதில்லை. உடம்பு தடாலென்று கீழே போகாமல், நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழக்கம் இல்லாமல் மலைக்கோயில் ஏறி இறங்கியவர்களுக்கு ஓரிரு நாள் தொடை கடுகடுவென்று வலிக்கிறதே, அதற்கு ஏறியதைவிட இறங்கியதுதான் முக்கியக் காரணம்.

பின் தொடையில் இருப்பது ஹாம்ஸ்ட்ரிங். இது மூன்று தசைகள். முழங்காலை மடக்குவதும், ஓடும்போது காலைப் பின்னால் இழுப்பதும் இவற்றின் வேலை. கிரிக்கெட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் வீரர் திடீரென்று பின் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால், பெரும்பாலும் இதுதான்.

சம்மணம் போட்டு உட்காருவதற்கும் ஒரு தசை இருக்கிறது. இடுப்பின் முன்பக்கத்தில் ஆரம்பித்து, தொடையைக் குறுக்காகக் கடந்து, முழங்காலின் உள்பக்கம் வரை நாடா போல இறங்கும் சார்டோரியஸ். உடம்பிலேயே நீளமான தசை. லத்தீனில் இந்தப் பெயருக்கு 'தையல்காரர்' என்று அர்த்தம். அந்தக் காலத்து தையல்காரர்கள் சம்மணம் போட்டுத்தானே தைத்தார்கள்!

நடராஜர் ஊன்றிய கால்

நெய்வேலி நடராஜர் கோயிலில் இருக்கும் பிரமாண்டமான ஐம்பொன் நடராஜரைப் பாருங்கள். எல்லோர் கண்ணும் தூக்கிய இடது காலுக்குத்தான் போகும். உடற்கூறு படித்தவர்கள் ஊன்றிய வலது காலைப் பார்ப்பார்கள்.

ஒரு காலைத் தூக்கினால், அந்தப் பக்கத்து இடுப்பு கீழே சரிய வேண்டும். சரியாமல் பிடித்துக்கொள்வது, ஊன்றிய காலின் இடுப்போரத்தில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ். ஒற்றைக்காலில் நிற்கிற வேலை நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். நடக்கிற நேரத்தில் ஏறக்குறைய 80 சதவிகிதம் நாம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம்! இந்தத் தசை பலவீனமானால், இடுப்பு ஆடி ஆடி நடக்க வேண்டியதுதான்.

இது வெறும் நடை அழகு விஷயம் இல்லை. 51 முதல் 75 வயது வரையிலான 1,700 பேரை வைத்து பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்க முடியாதவர்களுக்கு, அடுத்துவந்த ஆண்டுகளில் மரண ஆபத்து அதிகமாக இருந்தது. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால், நிற்க முடியவில்லை என்றால், உடம்பு ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

கெண்டைக்கால் என்னும் பம்ப் ஹவுஸ்

நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் குறுகி, கெண்டை மீன் போல இருக்கிறது கெண்டைக்கால் சதை. நமக்கு மீனாகத் தெரிந்த தசை, லத்தீன்காரர்களுக்குச் சுண்டெலியாகத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் தசையைக் குறிக்கும் 'மஸில்' என்ற சொல், 'சின்ன எலி' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கெண்டைக்காலில் முக்கியமான தசைகள் இரண்டு. மேலே தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். குதிக்கவும், ஓடவும், பஸ்ஸைப் பிடிக்கவும் இதுதான். அதற்கு அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ். இது நிதானமான ஆள். மணிக்கணக்கில் நின்றாலும் நடந்தாலும் எளிதில் களைப்பதில்லை. இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து, குதிகால் எலும்பைப் பிடிக்கும் இடம்தான் அக்கிலீஸ் தசைநாண். நாம் 'குதி நரம்பு' என்கிறோமே, அது. உடம்பிலேயே தடிமனான தசைநாண்.

இந்தத் தசைகளுக்கு இன்னொரு பெரிய வேலை இருக்கிறது. நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அதிக அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. அதை ராத்திரி பகலாக பம்ப் வைத்து வெளியேற்றிக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். பம்ப் நின்றால் தண்ணீர் மேலே வந்துவிடும்.

காலிலும் இதே கதைதான். இதயம் ரத்தத்தைப் பாதம் வரை அனுப்பிவிடுகிறது. அதை மீண்டும் மேலே ஏற்ற வேண்டும். கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உள்ளே இருக்கும் சிரைகளை அழுத்தி, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கீழே இறங்கிவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பிடித்துக்கொள்கின்றன. அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரைகளில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. வரை ஏறும். நடக்க ஆரம்பித்தால் 20 - 30-க்கு இறங்கிவிடும். கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்று சொல்வது இதனால்தான்.

ஷிஃப்ட் முழுக்க கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும், கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தே இருப்பவருக்கும், அடுப்படியில் நின்றே காலம் தள்ளும் அம்மாவுக்கும் பிரச்னை ஒன்றுதான். பம்ப் ஓடுவதில்லை! சாயங்காலம் கால் வீங்குகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால், சிலருக்கு வால்வுகள் பழுதாகிச் சிரைகள் புடைத்துச் சுருண்டுவிடுகின்றன. பரம்பரையும் உடல் எடையும் இதற்குத் துணை நிற்கும். 'வெரிகோஸ் வெயின்' என்று டாக்டர் சொல்வது இதைத்தான்.

என்ன செய்யலாம்? அரை மணி நேரத்துக்கு ஒரு முறை, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குங்கள். பதினைந்து முறை போதும். உட்கார்ந்திருப்பவர்கள் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

ராத்திரி இழுத்துப் பிடித்தால்..?

தசை தன்னால் சுருங்கி, விடாமல் நிற்பதுதான் இந்த இழுப்பு. அதிக உழைப்பு, வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைவது, கர்ப்பம், வயது, சில மாத்திரைகள் என்று காரணங்கள் பல. பல நேரங்களில் காரணமே தெரியாது.

இழுத்தவுடன் முழங்காலை நீட்டி, பாதத்தின் விரல்களை உங்களை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். அல்லது எழுந்து, பாதத்தைத் தரையில் முழுசாக ஊன்றி நில்லுங்கள். சுருங்கிய தசையை நீட்டினால் பிடி விடும். அதன்பிறகு மெதுவாகத் தேய்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஒரு காலத்தில் இதற்கு மலேரியா மருந்தான குயினைன் கொடுத்தார்கள். கடுமையான பக்கவிளைவுகள் வரலாம் என்பதால், இதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. கடையில் கேட்டு எந்த மாத்திரையும் வாங்கிப் போடாதீர்கள்.

தைலம் வேண்டாம்... டாக்டரைப் பாருங்கள்!

* ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாக, வலியோடு இருக்கிறதா? ஆபரேஷன், பிரசவம், நீண்ட பயணம் அல்லது பல நாள் படுக்கைக்குப் பிறகு வந்ததா? உள் சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். உருவிவிடவே கூடாதது இதுதான். கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால், உடனே 108-ஐ அழையுங்கள்.

* கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடி வலிக்கிறதா? காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் இதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட வேண்டாம்.

* இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோடு மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தடுக்குவது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் சிக்கல் என்று ஏதாவது இருக்கிறதா? இது நரம்புப் பிரச்னையாக இருக்கலாம். கடைசியில் சொன்னது இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

* குதிகாலுக்கு மேல் யாரோ உதைத்ததுபோல 'பட்'டென்று ஒரு சத்தம், அதன்பிறகு நுனிக்காலில் நிற்க முடியவில்லையா? தசைநாண் அறுந்திருக்கலாம்.

ரிட்டயர் ஆன அப்பாவுக்கு ஒரு டெஸ்ட்

வேலையில் இருக்கும்வரை ஷிஃப்டுக்குப் போவதும் படி ஏறுவதுமாக ஓடியவர்கள், 60 வயதில் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சொந்த வீட்டில் டி.வி முன்னால் உட்காரும்போதுதான் கால் தசைகள் வேகமாக இளைக்கின்றன. வயதாக ஆகத் தசை குறைவது இயற்கை. பயன்படுத்தாமல் விட்டால், அது இன்னும் சீக்கிரம் குறையும். கீழே விழுவதும் இடுப்பு எலும்பு முறிவதும் அதைத் தொடர்ந்து வருபவை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதைச் செய்துபாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல்படி, 60 - 64 வயதில் ஆண்கள் 14, பெண்கள் 12 முறைக்குக் குறையக் கூடாது. 65 - 69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11. 70 - 74 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 10.

குறைந்தால் பயப்பட வேண்டாம். மருந்தும் அதே நாற்காலிதான்! காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை எழுந்து உட்காரப் பழகலாம். முட்டி வலியோ இதய நோயோ இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். எழுபது வயதிலும் பயிற்சி கொடுத்தால் தசை பலம் கூடும். நெய்வேலியில் நடப்பதற்கு அகலமான ரோடும் மர நிழலும் தாராளமாகவே இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது.

உங்கள் வீட்டில் யார் எத்தனை முறை எழுந்தார்கள் என்று குறித்துவையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணிப்பாருங்கள்.

அடுத்த வாரம்: முழங்கால்... தேய்கிறதா, தேய்க்கிறோமா?