வீட்டில் இருப்பவர் வேலையற்றவரா?

சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த பெண் பேசும் மஜ்லிஸ் ஒன்றில் நானும் அமர்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வழக்கம்போல் கேட்டனர்: “பெண்ணுடைய வாப்பா என்ன செய்றாக?” நடுவில் நின்று பேசிய பெரியவர், குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “ஷார்ஜாவுல இருந்தாக. இப்ப சும்மா வீட்லதான் இருக்காக.”

அந்த ‘சும்மா’ என்ற சொல்லைக் கேட்டு அவர் தலை கவிழ்ந்ததை நான் கண்டேன். கண்ட நாள் முதல் என் நெஞ்சு ஆறவில்லை. ஆகவே இதனை எழுதுகிறேன்.

அந்த மனிதரை நான் நன்கு அறிவேன். பதினெட்டு ஆண்டுகள் ஷார்ஜாவில் கணக்கராக இருந்தவர். 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் வேலை பறிபோய், ‘வந்தே பாரத்’ விமானம் ஒன்றில் இரண்டு பெட்டிகளுடன் வந்து இறங்கியவர். ஓராண்டு வேலை தேடி அலைந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரரை எவரும் ஏற்கவில்லை. பின்னர், பழைய கணினி ஒன்றை வாங்கி, கோவையில் இரண்டு கடைகளுக்கும் துபையில் ஒரு சிறு நிறுவனத்துக்கும் வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாக வரவு செலவுக் கணக்கு எழுதத் தொடங்கினார். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அமர்வார். லுஹர் வரை எழுமாட்டார். மாதம் பதினான்காயிரம், சில மாதங்களில் பதினாறாயிரம் ரூபாய் வருகிறது. அதில்தான் அடுப்பு எரிகிறது. அதில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். இவரா சும்மா இருப்பவர்?

தெருத் திண்ணையில் நாள் முழுவதும் அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறவரை, அவருடைய மகன் சவூதியில் இருக்கிறான் என்பதற்காகவே ‘முதலாளி’ என்று அழைக்கிறோம். விடியற்காலையில் எழுந்து வேலை பார்ப்பவரைச் ‘சும்மா’ என்கிறோம். இஃது என்ன நியாயம்?

நமக்கு ஒரு நோய் உண்டு. சபுராளி என்றால்தான் சம்பாத்தியக்காரன் என்று இரண்டு, மூன்று தலைமுறைகளாக எண்ணிப் பழகிவிட்டோம். பாட்டனார் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனார். வாப்பா சிங்கப்பூருக்குப் போனார். மகன் வளைகுடாவுக்குப் போனான். ஊரைவிட்டுப் போவதே உழைப்பின் அடையாளம் என்றாகிவிட்டது. ஆனால் அந்தக் கடல்வழிகள் ஒன்றொன்றாகக் குறுகி வருவதை நாம் பார்க்க மறுக்கிறோம். 2011இல் சவூதி அரேபியா தன் நாட்டவர்க்கு வேலை ஒதுக்கும் ‘நிதாகத்’ திட்டத்தைக் கொண்டுவந்தபோதே நமக்கு அறிவிப்புக் கிடைத்துவிட்டது. 2020 அதனை இடிமுழக்கமாகச் சொன்னது. இனியும் திரும்பி வருகிறவனைத் தோற்றுப்போனவனாகப் பார்ப்போமானால், நாளை பாதி ஊரே தோற்றதாகிவிடும்.

“நிலையான வருமானம் இல்லையே” என்பர் சிலர். உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு ஆண்டு நிலையாக இருந்த ஷார்ஜா வேலை ஒரே ஒரு கடிதத்தில் முடிந்துபோனதே, அதற்கு என்ன பெயர்? மூன்று இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருவதில் ஓரிடம் நின்றாலும் இரண்டு மிஞ்சும்.

“இதெல்லாம் ஒரு வருமானமா?” என்பர் வேறு சிலர். அவர்களைக் கேட்கிறேன்: மேலப்பாளையத்திலும் பேரணாம்பட்டிலும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கிய நம் உம்மாமார்களின் கூலி எத்தனை? அவர்களும் வீட்டிலேதான் இருந்தார்கள். வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1976இல் அவர்களுக்கென நலநிதிச் சட்டம் வந்தது. நாட்டின் சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டதை நம் கல்யாணச் சபைகள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!

கீழக்கரையில் தொதல் கிண்டி, வாட்ஸப்பில் படம் அனுப்பி, வெளியூருக்குக் கூரியரில் போடும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத அளவில் விற்கும் சிறு வணிகரும், மாநிலத்துக்குள் இணையச் சந்தைகள் வழியே பொருள் விற்கலாம் என்று 2023 அக்டோபர் முதல் வழி திறக்கப்பட்டிருக்கிறது. அவள் விற்பது தன் கைப்பக்குவத்தை. அதைக் குறைவென்று சொல்ல நமக்கு வாய் எப்படி வருகிறது? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் வீட்டிலிருந்தபடியே பிறர் கையில் சரக்கை அனுப்பி வணிகம் செய்தார்கள் என்பதைப் பெருமையோடு மேடையில் பேசுகிறோமே, அந்தப் பெருமை மேடையோடு முடிந்துவிடுகிறதா?

இவ்வளவும் சொன்னதனால், இணையம் என்றால் எல்லாம் பொற்குடம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். அங்கே திருடர்கள் இருக்கிறார்கள். வேலையிழந்தவனின் தவிப்பே அவர்களுடைய முதல். “படங்களுக்கு விருப்பக்குறி இடுங்கள், பணம் தருகிறோம்” என்று முதலில் நூறும் இருநூறும் அனுப்புவார்கள். பிறகு “ஐயாயிரம் கட்டினால் எட்டாயிரம்” என்பார்கள். பின்னர் ஐம்பதாயிரம் கேட்பார்கள். அதோடு தொடர்பு அறுந்துவிடும். மனைவியின் வளையல் போனபின் அழுது பயன் என்ன? வேலை தருகிறவன் கூலி கொடுப்பானேயன்றிக் கூலியாளிடம் பணம் கேட்க மாட்டான். இந்த ஒரு வரியை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். விரைந்து சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க இயலும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. “ஒரே மாதத்தில் லட்சாதிபதி ஆகலாம்” என்று வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்குவோர். லட்சம் சம்பாதிக்கும் வழி தெரிந்தவர் அதைத் தெருவில் ஆயிரம் ரூபாய்க்கு ஏன் விற்கிறார் என்று கேட்கவேண்டாமா? இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் சிறு வருமானமே. அதுவும் ஒரு கைத்தொழிலைப் பொறுமையாகக் கற்றவர்க்கே. சிறிது என்று ஒப்புக்கொண்டு இறங்குகிறவன் நிலைக்கிறான். பெரிது என்று மயங்குகிறவன்தான் திருடன் வலையில் விழுகிறான். சிறு வருமானத்தை நாம் இகழ இகழ, நம் பிள்ளைகளை அந்த வலையை நோக்கியே தள்ளுகிறோம் என்பதை உணரவேண்டும்.

சட்டமும் மெல்ல அசைகிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இணையத் தளங்களின் வழியே வேலை செய்வோரைத் தொழிலாளர் என்று அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நலநிதிக்குத் தரவேண்டும் என்கிறது. ஆனால், தன்னை வேலை செய்பவன் என்று சொல்லவே கூசுகிறவன், இ-ஷ்ரம் பதிவேட்டில் போய் எப்படிப் பெயர் கொடுப்பான்? நாம் ஊட்டிய வெட்கம் அவனுடைய உரிமையையும் அல்லவா பறிக்கிறது?

ஆகவே நம் பெரியவர்களிடம் சில கோரிக்கைகளை வைக்கிறேன். மாலையில் பூட்டிக் கிடக்கும் மதரஸாக் கூடத்தில் நான்கு கணினிகளை வைத்து, கணக்கு எழுதவும் தட்டச்சு செய்யவும் மொழிபெயர்க்கவும் கற்றுக்கொடுங்கள். பைத்துல்மாலிலிருந்து, வேலையிழந்து வந்தவர்க்குக் கணினி வாங்க வட்டியில்லாக் கடன் கொடுங்கள். கல்யாண மண்டபத்துக்கு ஆகும் வண்ண விளக்குச் செலவில் இவற்றைச் செய்துவிடலாம்.

வீட்டாரிடமும் ஒரு சொல். “வீட்டில்தானே இருக்கிறீர்கள், கறி வாங்கி வாருங்கள், கரண்டு பில் கட்டி வாருங்கள்” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்காதீர்கள். அலுவலகத்தில் இருந்தால் அழைப்பீர்களா? அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பதும் அலுவலகமே.

அந்த மஜ்லிஸில் நான் வாய் திறவாமல் இருந்துவிட்டேன். அது என் குற்றம். அடுத்த முறை எவரேனும் கேட்டால் தெளிவாகச் சொல்வேன்: “கணக்கராக இருக்கிறார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். ஹலாலாகச் சம்பாதிக்கிறார்.” நீங்களும் அவ்வாறே சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.