செந்நிற ஓநாயும் ஆயர் வீட்டு நாயும்

காலையில் ஒரு குவளை காப்பி உள்ளே செல்லாமல் கை ஓடாத குடும்பங்கள் நம்மவருள் பல. ஊர்விட்டு ஊர் வந்தும் நாம் கைவிடாத பழக்கங்களுள் அது முதன்மையானது. அக்காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. முன்னாளில் அபிசீனியா என்று வழங்கிய நாடு. அந்நாட்டின் தென்கிழக்கே பாலே என்னும் மலைத்தொடர் உண்டு. அதன் தென்சரிவில் ஹரென்னா என்ற பெருங்காடு. நட்டு வளர்ப்பார் எவருமின்றி, பெருமரங்களின் நிழலில் காப்பி அங்கே தானே முளைத்துப் பழுக்கிறது. சிங்கமும் உலவும் காடு அது. ஆயினும் இத்திங்கள் நாம் காண விழைவது அக்காட்டை அன்று. அதற்கும் மேலே கிடக்கும் மொட்டை வெளியை.

காட்டினூடே செல்லும் சாலையில் ஏற ஏற மரங்கள் சிறுத்து, பாசி தொங்கும் புதர்களாகி, அவையும் ஒழிந்தபின் சானெட்டி என்னும் பீடபூமி விரிகிறது. உயரம் ஏறத்தாழ 4,000 மீட்டர். நீலகிரியின் முடியாகிய தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை நினைவுகூர்ந்தால் அவ்வுயரம் ஒருவாறு விளங்கும். பகலில் முகத்தைக் கருக்கும் வெயில். இரவில் குட்டை நீர் உறையும் குளிர். இங்கே வளரும் லோபீலியா என்னும் விந்தைச் செடி, இரவில் தன் இலைகளைக் கூப்பிக் குருத்தைக் குளிரினின்றும் காத்துக்கொள்கிறது; பல்லாண்டு வளர்ந்து, ஆளுயரத்தினும் பன்மடங்கு ஓங்கி, ஒரே ஒருமுறை பூத்து மடிகிறது. நம் நாட்டுத் தாளிப்பனையின் வாழ்வும் அத்தகையதே அன்றோ?

இவ்வெளியில் மான் கூட்டமோ யானைத் திரளோ தேடுவார்க்கு ஏமாற்றமே. இங்கு உயிர்ச்செல்வம் மண்ணுக்குள் இருக்கிறது, அஃதாவது எலிகள். அவற்றுள் பெரியது வளை தோண்டி வாழும் ஒருவகைப் பேரெலி. உலகில் இம்மலைப் பகுதியன்றி வேறெங்கும் இல்லாதது. எடை ஒரு கிலோவை நெருங்கும். தலை பெரிது, கண்களோ தலையின் உச்சிக்கருகே அமைந்தவை. வளையின் வாயிலில் தலையை மட்டும் நீட்டிச் சுற்றுமுற்றும் நோக்கி, அண்மையிலுள்ள புல்லைப் பறித்து உள்ளே இழுத்துக்கொண்டு மறையும். வெளியே நெடுநேரம் நிற்கும் துணிவு அதற்கில்லை. துணிவு எங்ஙனம் வரும்? சற்றுத் தொலைவில் அசையாது நிற்கிறதே ஓர் ஓநாய்!

அவ்வோநாயே இக்கட்டுரையின் தலைவன். செந்நிற மேனி, வெண்ணிறத் தொண்டை, நீண்ட கால்கள், கூரிய முகம். ரூப்பெல் என்னும் ஜெர்மானியர் 1840இல் வட எத்தியோப்பியாவின் சிமியென் மலையினின்று இதனை விவரித்து எழுதினார். நரி என்றும் குள்ளநரி என்றும் பலர் பலவாறு மயங்கினர். அம்ஹாரிய மொழியிலும் இதற்குச் செந்நரி என்ற பொருளிலேயே பெயர். மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள் 1994இல் ஐயத்தைத் தீர்த்தனர்: இது ஓநாய்க் குலத்தைச் சார்ந்தது, வடக்கேயிருந்து பனியூழிக் காலத்தில் வந்து, பின்னர் மலையுச்சிகளில் தனித்துப்போன குடியேறி. குடியேறி என்ற சொல்லைக் கண்டதும் நமக்கு அதன்மேல் ஒரு பரிவு பிறந்தது என்பதை மறைப்பானேன்!

பாலே மலையில் வாழும் ஓரோமோ மக்கள் இதனைக் ‘குதிரையின் நரி’ என்பர். ஈனும் நிலையிலுள்ள குதிரைகளையும் பசுக்களையும் பின்தொடர்ந்து, நஞ்சுக்கொடியைத் தின்னக் காத்திருக்குமாம். மேய்கின்ற மாடுகளின் நடுவே அவற்றின் மறைவில் நடந்து எலி பிடிக்கும் சூழ்ச்சியும் இதற்குத் தெரியும். ஆயரும் பொதுவாக இதனை விரட்டுவதில்லை. இதன் உணவில் பெரும்பகுதி எலிகளே என்பதை அவர்கள் அறிவர்.

வேட்டையாடுவது தனித்து, வாழ்வதோ கூட்டமாக. இதுவே இவ்விலங்கின் புதுமை. வைகறையிலும் அந்தியிலும் கூட்டத்தார் அனைவரும் ஒன்றுகூடித் தம் எல்லையைச் சுற்றி வருவர். சந்திக்குந்தோறும் முகத்தோடு முகம் உராய்ந்து, வாயை நக்கி, வாலாட்டிக் குலாவுவர். கூட்டத்தின் தலைவி ஒருத்தியே ஆண்டுக்கொருமுறை குட்டி ஈனுவாள். ஆனால் குட்டிகளை வளர்ப்பது அனைவரின் கடன். சிற்றப்பன், பெரியம்மை, மூத்த அக்காள் என எவர் எலி தின்று வந்தாலும் குட்டிகள் ஓடிச்சென்று அவர்தம் வாயைத் தொட, உண்டதைக் கக்கி ஊட்டுவர். நம் கூட்டுக் குடும்பங்கள் அருகிவரும் இந்நாளில் இதைப் படிக்கையில் சற்றே நாணமும் எழுகிறது.

இன்னொரு சுவையான செய்தி. தீப்பந்தம் போல் செங்குத்தாகப் பூக்கும் ஒரு மலர் இம்மலையில் மண்டிக் கிடக்கிறது. ஆயர் சிறார் அதன் தேனை நக்கிச் சுவைப்பது வழக்கம். ஓநாய்களும் அவ்வாறே மலருக்கு மலர் சென்று தேனை நக்குவதை ஆராய்ச்சியாளர் கண்டு 2024இல் வெளியிட்டனர். ஒரே உலாவில் முப்பது பூவரை நாடிய ஓநாயும் உண்டாம். மூக்கில் மகரந்தம் அப்பிய ஓநாயை நம் குழந்தைகளுக்குப் படம் வரைந்து காட்டலாம்.

இத்துணை அழகிய வாழ்வுக்கு எமன் துப்பாக்கி வடிவில் வரவில்லை. ஆயர் வீட்டு நாயின் வடிவில் வந்தான். மேய்ச்சலுக்காக மலையேறும் குடும்பங்கள் நாய்களையும் உடன்கொண்டு செல்கின்றன. இரவில் கழுதைப்புலியும் சிறுத்தையும் வரும் இடத்தில் நாயின்றிப் பட்டியைக் காப்பது எப்படி? அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. ஆனால் அந்நாய்கள் கட்டவிழ்ந்து திரிபவை. அவற்றிடமிருந்து வெறிநோய் ஓநாய்க்குத் தொற்றுகிறது. தொற்றியபின் எந்தக் குலாவலும் நெருக்கமும் அக்கூட்டத்தை வாழவைத்தனவோ, அவையே அதை அழிக்கும் வழியாகின்றன. ஒன்று நோயுற்றால் உறவினர் விலகி நிற்பதில்லை.

1991, 1992ஆம் ஆண்டுகளில் இந்நோய் கூட்டங்களை அடியோடு துடைத்தெறிந்தது. 2003-04இல் மீண்டும் வந்தபோது வெப் என்னும் பள்ளத்தாக்கில் நான்கில் மூன்று பங்கு ஓநாய்கள் மாண்டன. அப்பொழுது, நோய் இன்னும் எட்டாத அண்டைக் கூட்டங்களைப் பிடித்து ஊசியிட்டு, பள்ளத்தாக்குக்கும் பிற பகுதிகளுக்கும் இடையே ஓர் அணை எழுப்பியதால் அது பரவாது நின்றது. 2008-09இலும் 2014இலும் அதே கதை. இடையே 2010இல் நாய்களின் மற்றொரு கொள்ளைநோயும் வந்தது. இன்று இவ்வினத்தில் வளர்ந்தவை உலகம் முழுவதும் 500க்கும் குறைவு. அவற்றில் பாதிக்கு மேல் பாலே மலையில் உள்ளன. 1970இல் அமைந்த அங்குள்ள தேசியப் பூங்கா 2023இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஆனால் பட்டயம் கண்டு நோய் திரும்பிப் போவதில்லை.

வெறிநாய்க்கடி என்றதும் நம் பெரியோருக்குக் குன்னூர் நினைவு வரும். 1907இல் அங்கு நிறுவிய பாஸ்டர் நிலையத்தின் பெயர் ஊரெங்கும் தெரிந்ததே. பாலே மலையில் பல்லாண்டுகளாக ஓநாய் காப்புப் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று ஆயரின் நாய்களுக்கு ஊசியிட்டு வருகின்றனர். இதனால் ஓநாய்க்கு மட்டுமன்றி, ஆயரின் மக்களுக்கும் மாடுகளுக்கும் நலமே. எனினும் ஆண்டுதோறும் புதுக்குட்டிகள் பிறக்கின்றன, புதுக்குடும்பங்கள் மலையேறுகின்றன. அவ்வூசி வேலைக்கு முடிவென்பதே இல்லை. எனவே 2018 ஆகஸ்டில் நேரே ஓநாய்க்கே மருந்தூட்டத் தொடங்கினர். ஆட்டிறைச்சித் துண்டினுள் தடுப்பு மருந்தை மறைத்து வைத்து, எலி வேட்டை முடிந்த இரவில், நடந்தும் குதிரையேறியும் பீடபூமியெங்கும் இட்டுச் செல்கின்றனர். முதன்முறை மூன்று கூட்டங்களுக்கு அவ்வாறு ஊட்டினர். இறைச்சி எவ்வோநாய்க்குக் கிட்டியது, எதற்குக் கிட்டவில்லை என்று உறைபனியில் நின்று குறித்துக்கொள்வோரும் உளர். பொழுது விடிந்தால் எலி தன் வளையினின்று தலை நீட்டும்.