கைக்குழந்தையோடு மலை ஏறலாமா?

"அக்கா, பிள்ளை பிறந்து எட்டு மாதமாகிறது. வீட்டையும் கிளினிக்கையும் தவிர வேறெங்கும் நான் போகவில்லை. இவர் சிவனொளிபாதமலைக்குப் போய் வருவோம் என்கிறார். மாமியோ, 'பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்கா? உனக்கென்ன பைத்தியமா?' என்று ஏசுகிறா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

ஹெந்தளைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது பக்கத்து ஒழுங்கைத் தங்கச்சி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. பஸ் வந்துவிட்டதால் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால், இந்த விஷயத்தில் நான் ஒரு பிழை விட்டுப் படித்தவள்.

2018 பெப்ரவரி மாதம் அது. என் மகனுக்கு ஒன்பது மாதம். மச்சாளின் மகளுக்குப் பதினொரு மாதம். வேன் பிடிக்கும் வசதி எங்களுக்கு இல்லை. கோட்டைக்கு பஸ், அங்கிருந்து ஹட்டனுக்குக் காலை ரயில், ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு மறுபடியும் பஸ். நான்கு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், ஐந்து பைகள்!

ரயில் பயணத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பயந்தேன். ஆனால் அதுதான் சுகமாக இருந்தது. ஐந்தரை மணி நேரத்தில் பிள்ளைகள் எத்தனை மடிகள் மாறினார்கள் என்று கணக்கில்லை. எதிர் ஆசனத்தில் இருந்த சிங்கள ஆச்சி ஒருவர் மச்சாளின் மகளை வாங்கித் தன் மடியிலேயே தூங்க வைத்துவிட்டார். நாவலப்பிட்டியைத் தாண்டிக் குளிர் தொடங்கியதும் தன் சால்வையையும் போர்த்திவிட்டார். பாஷை தெரியாவிட்டால் என்ன, பிள்ளை வளர்த்த கை அல்லவா?

சிரமம் பஸ்ஸில்தான். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகப் போகும் பாதை முழுவதும் வளைவுகள். ஏறுவதற்கு முன் வயிறு நிறையப் பால் கொடுத்திருந்தேன். மூன்றாவது வளைவிலேயே மகன் எல்லாவற்றையும் என் மேல் கக்கிவிட்டான். "பிள்ளையோட ஏன் இந்தச் சனத்துக்குள்ள வாறீங்க?" என்று கொண்டக்டர் என்னிடம் சலித்துக்கொண்டார். பக்கத்திலேயே நின்ற என் கணவரிடம் அவர் அதைக் கேட்கவில்லை. பிள்ளை இருவருக்கும்தான், கேள்வி மட்டும் தாய்க்கு!

உச்சியில் சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்கள் என்று நாங்களும் இரவு ஒன்றரை மணிக்குப் புறப்பட்டோம். எங்கள் பிழை அங்கேதான் தொடங்கியது.

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். ஹட்டன் வழியில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இருப்பதாகச் சொல்வார்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் எனப் பலரும் போற்றும் மலை அது. கைக்குழந்தையோடு ஏறும் தாய்மாரை அங்கே எந்தப் பருவத்திலும் காணலாம். அவர்களைப் பார்த்துத்தான் எங்களுக்கும் துணிவு வந்தது.

மகனை நெஞ்சோடு கட்டும் பையில் வைத்து என் கணவர் சுமந்தார். முதல் ஒரு மணி நேரம் பிள்ளை சிணுங்கினான், அழுதான். பிறகு அமைதியானான். "நல்ல பிள்ளை, தூங்கிவிட்டான்" என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். கணவருக்கு வியர்த்து ஊற்றியது. எனக்கும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும் போலிருந்தது.

முக்கால்வாசித் தூரத்தில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடையிலிருந்த மஸ்கெலியாப் பக்கத்து அம்மா ஒருவர் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சையும் தொட்டார். "ஏம்மா, புள்ள தூங்கல. குளிர்ல சோர்ந்து கெடக்கு. சட்டையெல்லாம் ஈரம்" என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. தகப்பனின் வியர்வையில் பிள்ளையின் உடுப்பு முழுவதும் நனைந்திருந்தது. பால் கொடுத்தால் வாயை வைக்கவில்லை. அந்த அம்மாதான் வழி சொன்னார். ஈர உடுப்பைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, உலர்ந்த தொப்பியைப் போட்டு, வெறும் மேனியாக என் நெஞ்சோடு அணைத்து, எங்கள் இருவரையும் கம்பளியால் மூடினார். அடுப்பருகே அப்படியே இருந்தேன். எத்தனை நிமிடமோ தெரியாது. பிள்ளை அசைந்தான், பால் தேடினான், பிறகு வீரிட்டு அழுதான். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

"இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்றார் கணவர். மேலே உச்சியில் மணிச் சத்தம் கேட்டது. இவ்வளவு பணம், இவ்வளவு பாடு, இத்தனை மாத ஆசை... எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் நான் இறங்குவோம் என்றேன். மச்சாளும் என் பக்கம் நின்றாள். விடியும் வரை கடையிலேயே இருந்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் இறங்கினோம். அடிவாரத்துக்கு வந்ததும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டினோம். "நேரத்தோடு திரும்பினீர்கள்" என்றார்.

சகோதரிகளே, அன்று நான் படித்தது இதுதான். நடப்பவருக்கு வியர்க்கும், சுமக்கப்படும் பிள்ளைக்குக் குளிரும். நம் உடம்பைக் கொண்டு பிள்ளையின் குளிரை அளக்கக் கூடாது. ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏறும்போதும் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறைகிறது. அப்படியானால் நம் ஹெந்தளைக்கும் அந்த உச்சிக்கும் பதினான்கு பாகை வித்தியாசம். காற்றும் ஈரமும் அதற்கு மேல். கைக்குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. ஆகவே அரை மணிக்கு ஒரு தடவை நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். அவை குளிர்ந்து, பிள்ளை சோர்ந்து, பாலையும் மறுத்தால் அது தூக்கமல்ல, ஆபத்து. உடனே சூடேற்றுங்கள், வைத்திய உதவி தேடுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். பிள்ளையோடு இரவில் ஏற வேண்டாம், பகலில் ஏறுங்கள். போயா நாளையும் வார இறுதியையும் தவிருங்கள். மாற்று உடுப்பை நனையாத பையில் கட்டி எடுங்கள். தூக்கும் பையில் பிள்ளையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், நாடி நெஞ்சில் மடிந்து கிடக்கக் கூடாது. வளைவுப் பாதையில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர் தேவையில்லை. வழியில் தூங்கட்டும் என்று இருமல் பாணி கொடுப்பதும், குளிருக்குக் கற்பூரம் சேர்ந்த தைலம் தடவுவதும் வேண்டவே வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, நெஞ்சுச் சளியுள்ள பிள்ளை என்றால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. எனவே புறப்படுமுன் ரயில் எதுவரை ஓடுகிறது, மலைப் பாதை எப்படியிருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் மகன் 2024 ஜனவரியில் தன் சொந்தக் காலால் அந்த மலையை ஏறினான். எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தடவை உச்சியில் மணியடிப்பது வழக்கம். அவன் ஒரு தடவை அடித்தான். நானும் ஒரு தடவைதான் அடித்தேன். உச்சி தொடாத பயணம் கணக்கில் சேராதாம்!

ஆகவே தங்கச்சி, போய் வாருங்கள். பிள்ளை பெற்றவள் நான்கு சுவருக்குள்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் மாமியின் பயத்தையும் பைத்தியமென்று தள்ளிவிடாதீர்கள். 'எந்த இடத்திலும் திரும்பிவிடுவோம்' என்று வீட்டுப் படலையைத் தாண்டும் முன்பே கணவரோடு பேசி முடிவெடுங்கள். மலை எங்கேயும் போகாது, அடுத்த வருடமும் அங்கேயேதான் நிற்கும்.