புரதம் கூறும் ஆயுட்கணக்கு

“இன்னும் எத்தனை நாள்?” என்பதே சிறுநீரகப் புற்றுநோய் கொண்டோர் பலர் வைத்தியரை வினவ விரும்புவது. கட்டியினின்றெடுத்த சிறு துண்டிற் காணும் புரதங்களைக்கொண்டு அதற்கு விடை பகரலாமென்று விஞ்ஞானிகள் பல்லாண்டாய் முயல்கின்றனர். முயற்சி நன்றே, ஆயினும் விடையை விரைந்து நம்புதல் தகாதென்பது எம் கருத்து.

இந்நோயிற் பெரும்பாலும் வி.எச்.எல். என்னும் ஜீன் பழுதுறுகின்றது. அதனால் பிராணவாயு போதியவளவு இருப்பினும், இல்லாததுபோல அணுக்கள் நடந்து, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9 என்னும் புரதத்தை மிகுதியாய் உண்டாக்கும். நோய் பரவியோருள் இப்புரதங் குறைந்தவரே விரைவில் மடிகின்றனரென்று 2003-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆராய்ச்சியாளர் எழுதினர். (நோயின் விளைவாகிய புரதம் மிகுந்திருப்பதே நற்குறியாம், விந்தைதான்!) அந்நாட்டு மேயோ வைத்தியசாலையார் வேறு நோயாளரிடம் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவோ வேறு. பூதக்கண்ணாடியிற் கட்டியின் தரத்தையும் அழிவையும் கண்டறிந்தபின், இப்புரதம் புதிதாக ஒன்றுங் கூறவில்லை.

2009-இல் வகுக்கப்பட்டு இன்றும் வழங்கும் கணக்கு ஆறே குறிகளுடையது: நோயாளியின் நடமாட்டம், நோய் கண்டதற்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலம், இரத்தத்தின் ஹீமோகுளோபின், கால்சியம், நியூட்ரோபில், தட்டணுக்கள். எளியவை, செலவுங் குறைவு. இவற்றினும் மிகுதியாய் ஒரு புரதம் உணர்த்துமாயின், வேற்றூர் நோயாளரிடத்தும் அது மெய்ப்படுக. அதுகாறும் அவ்வறிக்கையைக் காட்டி, “உமக்கு இத்தனை மாதம்” என்றுரைக்க எவர்க்கும் உரிமையில்லை.