ஒரு மாணவியின் ஆய்வேடு

கார்ஜ் லே கொனெஸில் வாழும் லிசே மாணவியொருவர், பதின்ம வயதினரின் மதுப்பழக்கம் பற்றித் தாம் எழுதிய ஆய்வேட்டை மதிப்பிட்டுத் தருமாறு எம்மிடம் கொண்டுவந்தார். விரிவுரை மண்டபத்தை விட்டு நெடுங்காலமாயினும் சிவப்புப் பேனா எம்மை விட்டபாடில்லை.

செம்மையான ஆய்வேடுதான். பிரெஞ்சுப் பாடசாலை உணவுச்சாலைகளில் 14 வயதுக்குட்பட்டோருக்கு வைன் வழங்குவது 1956இல்தான் தடைசெய்யப்பட்டது. லிசேக்களுக்கு அத்தடை வர 1981 ஆயிற்று. 18 வயதுக்குட்பட்ட எவருக்கும் மது விற்கலாகாது என்ற சட்டமோ 2009இல் வந்தது. வைன் விளையும் நாட்டின் வேகம் அது! இவற்றையெல்லாம் அவர் திறம்பட எடுத்துரைக்கிறார்.

ஆயினும் எம்மவர் கொண்டாட்டங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டியானதும் ஆண்கள் வாகனத் தரிப்பிடத்துக்கு நழுவுவதையும், கிளாசும் ஐஸ்கட்டியும் எடுத்துவர 13 வயதுப் பையன் ஏவப்படுவதையும் அவர் கண்டதில்லையா? லாச்சப்பல் கடைக்காரர் வயதைக் கேட்டே விற்கவேண்டும் என்கிறது சட்டம். தரிப்பிடத்தில் கேட்பவர் யார்? ஏன் எழுதவில்லை என வினவினோம்.

"அப்பாவும் இதை வாசிப்பார், சேர்" என்றார்.

அந்தப் பக்கம் எழுதப்பட வேண்டும், தந்தையார் வாசிக்கவும் வேண்டும் என்பதே எமது கருத்து. அவரிடமும் அதையே கூறினோம். ஆனால் அத்தகைய தரிப்பிடங்களில் நாமும் கிளாசுடன் நின்றவர்களே. 20க்கு 14 என்று புள்ளியிட்டோம். குறைத்த ஆறில் எத்தனை அப்பிள்ளைக்குரியது என்பதை இன்னமும் எம்மால் தீர்மானிக்க இயலவில்லை.