3 லட்சம் கல் இருக்கு... பிளான் காணோம்!



நாளைக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் சப்மிஷன். இன்னிக்கு ராத்திரி பார்த்து கம்ப்யூட்டர் படுத்துடுது. பேக்கப்பும் இல்லை. அடிவயிறு கலங்குமா, கலங்காதா? இதே கதி ஒரு கோயிலுக்கே வந்திருக்கு, தெரியுமா?

கம்போடியாவில், அங்கோர் தாம் கோட்டை மதிலுக்குள்ளே இருக்கிறது பாபுவான். 11-ம் நூற்றாண்டில் இரண்டாம் உதயாதித்யவர்மன் என்ற கெமர் மன்னர் கட்டிய சிவன் கோயில். மலை மாதிரி அடுக்கடுக்காக உயரும். வெளியே கல்... உள்ளே மணல்! அங்கேதான் வில்லங்கம். மழைத் தண்ணீர் இறங்க இறங்க, உள்ளே இருந்த மணல் கற்களை வெளியே தள்ளியது. கோயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது.

1960-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோயிலை மொத்தமாகப் பிரிச்சு, உள்ளே பலமான சுவர் எழுப்பி, பழையபடியே அடுக்கிடலாம்! சுமார் 3 லட்சம் கற்கள். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு, சுற்றியிருந்த காட்டில் பரப்பி வைத்தார்கள். எந்தக் கல் எங்கே போகணும்னு குறிப்புகளும் பக்காவாக இருந்தன.

அப்போதுதான் உள்நாட்டுப் போர். 1970-களின் தொடக்கத்தில் வேலை நின்றது. 1975-ல் கெமர் ரூஜ் படை தலைநகர் நாம் பென்னைப் பிடித்தது. அடுத்த நாலு வருஷத்துக்குள் 15 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் செத்துப்போனார்கள். அந்தக் கொடுமையில் கோயிலின் குறிப்புகளும் அழிந்தன. கற்களின் மேல் காடு வளர்ந்தது.

1995-ல் பாஸ்கல் ருவாயேர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தலைமையில் மறுபடி வேலை ஆரம்பம். கற்களுக்கு நடுவே சாந்து கிடையாது. அதனால் ஒரு கல் அதனதன் இடத்தில் மட்டும்தான் கச்சிதமாக உட்காரும். இடம் மாறினால் அடுத்த கல் பொருந்தாது. கைகொடுத்தது என்ன? பாரிஸில் பத்திரமாக இருந்த பழைய போட்டோக்கள். அப்புறம், 1960-களில் அங்கே வேலை பார்த்து, உயிர் தப்பியிருந்த கம்போடியத் தொழிலாளர்கள் சிலரின் ஞாபகம்!

நடுவே இன்னொரு தர்மசங்கடம். 16-ம் நூற்றாண்டில் இந்தக் கோயில் கற்களையே எடுத்து, மேற்குப் பக்கம் பிரமாண்டமான சயன புத்தரை அமைத்திருந்தார்கள். பழைய சிவன் கோயில் முழுசாக வேணும்னா, புத்தரைக் கலைக்கணும். என்ன செய்வது? புத்தரைக் கலைக்கவில்லை. அவரையும் சேர்த்தே சரிசெய்தார்கள். சிவன் கட்டடமும் வரலாறுதான், புத்தர் உருவமும் வரலாறுதான். நியாயமான முடிவுதானே?

2011 ஜூலையில் வேலை முடிந்து திறப்பு விழா. 1960-ல் கழற்ற ஆரம்பிச்சதை அடுக்கி முடிக்க 51 வருஷம்!

ஒரு கோயிலைக் காப்பாற்ற கல் மட்டும் இருந்தால் போதாது பாஸ். எது எங்கே இருந்ததுன்னு யாராவது எழுதி வைக்கணும். அதுக்கு ஒரு காப்பி வேறொரு ஊரில் இருக்கணும். எல்லாத்துக்கும் மேலே, ஞாபகம் வைத்திருக்கும் மனுஷங்க உயிரோடு இருக்கணும்.

உங்க ஊர்ப் பழைய கோயில், குளம், சத்திரம் எதையாவது போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா? அதைப் பற்றித் தெரிஞ்ச தாத்தாகிட்ட பேசியிருக்கீங்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீதானே... கிளம்புங்க!